கொரியத் தொடர்களில் மெய்மையும் பார்வையாளர் தீர்ப்பும்

அன்புள்ள நேயர்களுக்கு வணக்கம்.

கொரியத் தொலைக்காட்சித் தொடர்களைப் பார்க்கும் வீடுகளில் பெரும்பாலும் இரண்டு குரல்கள் கேட்கும். ஒன்று, இந்தப் பகுதி முடிந்ததும் படுத்துவிடலாம் என்று சொல்லிச் சொல்லியே விடியும்வரை பார்ப்பவரின் குரல், மற்றொன்று, அந்தப் பக்கமாக நடந்து போகையில் திரையைச் சற்று நின்று பார்த்து, "இப்படியெல்லாம் எங்காவது நடக்குமா?" என்று கேட்டுவிட்டுப் போகிறவரின் குரல். இத்தொடர்களையும், இவற்றைப் பற்றிக் கொரிய மக்கள் சொல்லும் கருத்துகளையும் பல ஆண்டுகளாக ஒருசேரக் கவனித்து வருகிறவன் என்ற முறையில், அந்த இரண்டாவது கேள்வியைக் கொரியப் பார்வையாளர்கள் எந்த இடத்தில் கேட்கிறார்கள், எந்த இடத்தில் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள் என்பதைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

2008-ஆம் ஆண்டின் இறுதியில் எஸ்.பி.எஸ். அலைவரிசையில், 'மனைவியின் வசியம்' என்று பொருள்படும் தலைப்புடன் ஒரு தினத்தொடர் தொடங்கியது. கணவனால் கடலில் கைவிடப்பட்ட ஒரு பெண் உயிர்பிழைத்து, பழிவாங்கத் திரும்பி வருகிறாள். அவள் முகத்தில் ஏற்பட்ட மாற்றம், கண்ணருகே ஒரு மச்சம். அவ்வளவுதான். அந்த ஒரு மச்சத்தால் கணவனுக்கும் மாமியாருக்கும் அவளை அடையாளம் தெரியாமல் போகிறது. நாடே அந்த மச்சத்தைச் சொல்லிச் சிரித்தது. ஆயினும் அத்தொடரின் பார்வையாளர் விகிதம் ஏறத்தாழ 40 விழுக்காட்டைத் தொட்டது. 'மக்ஜாங்' என்று அவர்கள் அழைக்கும் இவ்வகைத் தொடர்களில் மறதிநோய், பிறப்பு இரகசியம், இறந்தவர் மீண்டு வருதல் ஆகிய அனைத்தையும் மக்கள் தெரிந்தே ஏற்றுக்கொள்கிறார்கள். கதைக்கு அவர்கள் மனமுவந்து கொடுக்கும் சலுகை அது. ஆனால், அதே மக்கள் வேறு சில இடங்களில் எள்ளளவும் விட்டுக்கொடுப்பதில்லை. தாங்கள் வாழ்ந்து பார்த்த வாழ்க்கை திரையில் வரும்போது அவர்கள் கண்டிப்பான நீதிபதிகளாகிவிடுகிறார்கள்.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் சான்று, 2014-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் டிசம்பர் வரை டி.வி.என். அலைவரிசையில் இருபது பகுதிகளாக வந்த 'மிசெங்' என்னும் தொடர். யூன் டே-ஹோ வரைந்த இணையச் சித்திரக்கதையைத் தழுவியது. அதன் நாயகன் ஜாங் கு-ரே சிறு வயதிலிருந்தே பதூக் என்னும் பலகை ஆட்டத்தில் தொழில்முறை ஆட்டக்காரனாகப் பயிற்சி பெற்று, அதில் தோற்றுப்போனவன். பட்டம் கிடையாது, தனித்தேர்வராக எழுதிய பள்ளிச் சான்றிதழ் மட்டுமே உண்டு. தெரிந்தவர் ஒருவரின் பரிந்துரையால் ஒரு பெரிய வணிக நிறுவனத்தில் பயிற்சிப் பணியாளனாக நுழைகிறான். இத்தொடரில் காதல் கதை கிடையாது. தாள் நகலெடுப்பதும், கோப்புகளை அடுக்குவதும், மேலதிகாரியின் முகக்குறிப்பைப் பார்த்து நடப்பதுமே கதை.

அதில் ஒரு காட்சியைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். பக்கத்து அணியைச் சேர்ந்த பயிற்சிப் பணியாளன் ஒருவன் பசை வாங்க வருகிறான். அப்போது ஒரு முக்கியமான தாள் எவரும் அறியாமல் வெளியே போய், கட்டடத்தின் முன்கூடத்தில் உயரதிகாரி ஒருவரின் கண்ணில் படுகிறது. பழி ஜாங் கு-ரேயின் மீது விழுகிறது. அவனுடைய அணித்தலைவர் ஓ சாங்-ஷிக், முதலிலிருந்தே அவனை விரும்பாதவர், கடுமையாகத் திட்டித் தீர்க்கிறார். தாள் வெளியே போனது பசை வாங்க வந்தவனால்தான் என்ற உண்மை பின்னர் தெரிகிறது. அன்றிரவு குடித்துவிட்டு வரும் அவர், அந்த அணியின் தலைவரைத் தெருவில் கண்டு, "உங்கள் பிள்ளை செய்த தவறுக்கு எங்கள் பிள்ளை திட்டு வாங்கினான்" என்று கத்துகிறார். அருகில் நிற்கும் ஜாங் கு-ரே அதைக் கேட்கிறான். எங்கும் சேராதவனாக வளர்ந்த அந்த இளைஞன், ஒருவர் தன்னை 'எங்கள் பிள்ளை' என்று உரிமையுடன் சொல்வதைக் கேட்டு நெகிழ்ந்து போகிறான். நினைவில் வையுங்கள், அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. அவனைப் பாராட்டவும் இல்லை. அலுவலகம் போய்வரும் எண்ணற்ற கொரியர்கள் அந்தக் காட்சியில் அழுததாகச் சொன்னார்கள்.

அதே பார்வையாளர்கள் குறையும் சொன்னார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அப்படிப்பட்ட பெருநிறுவனத்தில் பட்டம் இல்லாதவனைச் சேர்க்கவே மாட்டார்கள் என்றார்கள். ஓ சாங்-ஷிக்கைப் போன்ற மேலதிகாரி எந்த அலுவலகத்திலும் இல்லை என்றார்கள். கடைசிப் பகுதியில் நாயகன் ஜோர்டான் நாட்டில் ஒருவனை ஓடித் துரத்துவதைப் பார்த்து, இது நம் அலுவலகக் கதை அல்லவே என்று வருந்தினார்கள். ஆயினும், பண்டிகைப் பரிசாக நிரந்தரப் பணியாளர்களுக்குப் பன்றியிறைச்சி டப்பாக்களும் ஒப்பந்தப் பணியாளனான ஜாங் கு-ரேக்குச் சமையல் எண்ணெயும் தரப்பட்ட காட்சியை எவரும் மறுக்கவில்லை. அது அவர்கள் அறிந்த அவமானம்.

இக்கதாபாத்திரம் திரையை விட்டு இறங்கி அரசியலுக்குள்ளும் நடந்தது. 2007-இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, ஒப்பந்தப் பணியாளர் ஒருவரை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்தால் அவரை நிரந்தரமானவராகக் கருத வேண்டும். ஆகவே பல நிறுவனங்கள் இரண்டாண்டு முடியும் தறுவாயில் ஆளை அனுப்பிவிடும். ஜாங் கு-ரேக்கும் நிரந்தர வேலை கிடைக்காமலே ஒப்பந்தம் முடிகிறது. தொடர் முடிந்த அதே டிசம்பரில், 35 வயதைக் கடந்தவர்கள் விரும்பினால் அந்தக் காலவரம்பை நான்கு ஆண்டுகளாக நீட்டிக்கலாம் என்று அரசு முன்மொழிந்தபோது, மக்கள் அதற்கு 'ஜாங் கு-ரே சட்டம்' என்றே பெயர் வைத்தார்கள். தொழிற்சங்கங்கள் அவனைக் காப்பாற்றுவோம் என்ற பெயரிலேயே இயக்கம் தொடங்கின. அரசோ, அப்பாத்திரத்தில் நடித்த இம் ஷி-வானையே தன் விளம்பரத்தில் தோன்றச் செய்தது; மூலக்கதையை வரைந்தவர் அதற்குத் தம் அதிருப்தியை வெளிப்படையாகத் தெரிவித்தார். கற்பனை மனிதன் ஒருவனுக்கு இரு தரப்பும் உரிமை கொண்டாடுமளவுக்கு அவன் மெய்யானவனாகிவிட்டான். இதைவிடப் பெரிய பாராட்டு ஒரு கதாபாத்திரத்துக்குக் கிடைக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அடுத்ததாக, 2019 டிசம்பரில் தொடங்கிய 'கிராஷ் லேண்டிங் ஆன் யூ'. தென்கொரியச் செல்வச் சீமாட்டி ஒருத்தி பாராகிளைடரில் பறந்து, சூறாவளியில் சிக்கி, எல்லை தாண்டி வடகொரிய இராணுவ அதிகாரியின் முன் விழுகிறாள். இதை எவரும் கேள்வி கேட்கவில்லை. ஆனால் வடகொரியாவிலிருந்து தப்பி வந்து தெற்கில் வாழ்பவர்கள் அத்தொடரை எப்படிப் பார்த்தார்கள் தெரியுமா? பாதிவழியில் மின்சாரம் நின்று ரயில் மணிக்கணக்கில் கிடப்பது, கிம்ச்சி என்னும் காய்கறி ஊறுகாயை மண்ணுக்கடியில் காப்பது, வீடுகளில் ஒட்டுக்கேட்பது, ஆதரவற்ற சிறுவர்கள் சந்தையில் திரிவது ஆகியவற்றைக் கண்டு, இது எங்கள் ஊர்தான் என்றார்கள். எழுத்துக் குழுவில் அங்கிருந்து தப்பி வந்த ஒருவரே இருந்தார் என்பதே இதற்குக் காரணம். அதிகாரிகள் அவ்வளவு கனிவானவர்களாக இருக்க மாட்டார்கள் என்றும் அவர்களில் சிலர் சொன்னார்கள். ஒரு சிறு கட்சி, வடக்கை அழகுபடுத்திக் காட்டுவதாகக் காவல்துறையில் புகாரே கொடுத்தது. எனக்கு அந்தப் புகாரைவிட, கிம்ச்சிக் குழியைக் கண்டு கண்கலங்கியவர்களின் சொல்லே பெரிது.

இனி, சற்றுக் கடினமான இடத்துக்கு வருகிறேன். 2022-இல் வந்த 'எக்ஸ்ட்ராஆர்டினரி அட்டர்னி வூ' என்ற தொடரின் நாயகி ஆட்டிசம் உள்ள வழக்கறிஞர். சட்ட நூல்கள் அனைத்தையும் மனப்பாடமாக அறிந்தவர். முதல் பகுதியை ஒரு விழுக்காட்டுக்கும் குறைவானவர்களே பார்த்தார்கள். கடைசிப் பகுதி 17 விழுக்காட்டைக் கடந்தது. ஊரெல்லாம் கொண்டாடிய அந்த நாட்களில், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளைப் பெற்றவர்கள் பலர், தம் பிள்ளை பேசுவதே இல்லை, இந்த நாயகியைப் பார்த்தவர்கள் உங்கள் பிள்ளைக்கு என்ன தனித்திறமை என்று கேட்கிறார்கள், அதற்கு என்ன பதில் சொல்வது என்று வேதனையுடன் கேட்டார்கள். மூன்றாம் பகுதியில், கடுமையான ஆட்டிசம் உள்ள இளைஞன் ஒருவனின் தாய், நாயகியைப் பார்க்கையில் தன் மனத்தில் எழும் குழப்பத்தை அவரிடமே சொல்கிறாள். அக்குறையைக் கதையே அறிந்திருந்தது. என்றாலும், பதினாறு பகுதிகளில் ஒரே ஒரு தாய்க்கு மட்டும் அந்த இடம் கிடைத்தது போதாது என்பதே என் கருத்து. பெற்றோரின் அந்தக் குரலைப் பொறாமை என்றோ, மகிழ்ச்சியைக் கெடுப்பது என்றோ ஒதுக்கியவர்கள் தவறு செய்தார்கள்.

நிலையத்தார் கண்ணாடிக்கு அப்பாலிருந்து நேரத்தை நினைவூட்டுகிறார்கள். இன்னும் இரண்டு செய்திகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

2021 ஆகஸ்டில் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'டி.பி.' என்ற தொடர், இராணுவத்திலிருந்து ஓடிப்போகும் வீரர்களைத் தேடிப் பிடிப்பவர்களைப் பற்றியது; அதை எழுதிய கிம் போ-டொங் அந்தப் பணியைத் தாமே செய்தவர். உடல்நலமுள்ள ஆண்கள் அனைவரும் கட்டாயப் படைப்பணி செய்யும் நாட்டில், இதைப் பார்த்த ஆடவர் ஒவ்வொருவரும் சாட்சி. பழைய கொடுங்கனவுகள் திரும்பின என்றார்கள். நிலைமை இப்போது மாறிவிட்டது என்று பாதுகாப்பு அமைச்சகம் விளக்கம் கூறியது. ஆனால் தொடருக்குள்ளேயே, நாமே மாற்றலாமே என்பவனிடம், கொடுமைக்கு ஆளான வீரன் ஒருவன் தன் படைப்பிரிவின் தண்ணீர்க் குப்பியில் 1953 என்று பொறித்திருப்பதைச் சொல்கிறான். கொரியப் போர்க்காலக் குப்பி. அந்த வசனத்தை அமைச்சகத்தின் விளக்கத்தைவிட மக்கள் அதிகம் நம்பினார்கள்.

வரலாற்றுத் தொடர்களுக்கென்று தனிக் குறிப்பே வைத்திருந்தேன். ஒன்றை மட்டும் சொல்கிறேன். 2021 மார்ச்சில் எஸ்.பி.எஸ். தொடங்கிய 'ஜோசன் எக்ஸார்சிஸ்ட்' தொடரில், ஜோசன் என்னும் பழைய கொரிய அரசமரபின் இளவரசர் விருந்தளிக்கும் மேசையில் சீனப் பலகாரங்கள் இருந்ததைக் கண்டு, வரலாற்றைத் திரிக்கிறார்கள் என்று மக்கள் கொதித்தெழுந்தார்கள், விளம்பரதாரர்கள் விலகினார்கள், இரண்டே பகுதிகளுடன் தொடர் நிறுத்தப்பட்டது. பேய்கள் நடமாடிய கதையில் பேய்களை மன்னித்தவர்கள் பலகாரத்தை மன்னிக்கவில்லை. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால், திருத்தி எடுக்கச் சொல்லாமல் தொடரையே நிறுத்தச் செய்தது சரியா என்பதில் எனக்கு இன்னும் மறுப்பு உண்டு. அதை விரித்துச் சொல்ல நேரம் இல்லை.

நன்றி, வணக்கம்.