சிகாகோ ஆத்தைத் திருப்பின ஒன்பது நாற்காலி

(திரையில்: நீளமான ஓட்டுச்சீட்டு ஒண்ணு, மேலேர்ந்து கீழே மெதுவா நகருது)

சிகாகோ ஓட்டுச்சீட்டை முதல்தடவை பாக்கறவங்களுக்குக் கொஞ்சம் மலைப்பாத்தான் இருக்கும். உச்சியில ஜனாதிபதியோ கவர்னரோ. அப்புறம் கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) பதவிகள். கீழே போகப் போக நீதிபதிங்க பேரு, முடியவே முடியாது. அந்தக் கூட்டத்துக்கு நடுவுல ஒரு வரி: மெட்ரோபாலிட்டன் வாட்டர் ரிக்ளமேஷன் டிஸ்ட்ரிக்ட், கமிஷனர் பதவி, மூணு பேரைத் தேர்ந்தெடுக்கவும்.

குடிதண்ணி வாரியம்னு நினைச்சு ஓட்டுப் போடறவங்களும் உண்டு. இல்லீங்க. இது சாக்கடை வாரியம். 1889-ல ஆரம்பிச்சப்ப பேரு சானிட்டரி டிஸ்ட்ரிக்ட், கேட்டவுடனே புரிஞ்சிடும். சரியா நூறு வருஷம் கழிச்சு, 1989-ல, இப்ப இருக்கற பேரை வெச்சாங்க. சாக்கடை வாடையே அடிக்காத பேரு!

இந்த வாரியத்தை நடத்தறது ஒன்பது பேர். மேயரோ கவர்னரோ வழக்கமா நியமிக்கற ஆளுங்க இல்ல. ஜனங்க ஓட்டுப் போட்டு வர்றவங்க. ஆறு வருஷப் பதவி. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மூணு நாற்காலிக்குத் தேர்தல். வார்டு, தொகுதின்னு பிரிக்கறதில்ல, மொத்த எல்லையும் ஒரே தொகுதி. தலைவரை அந்த ஒன்பது பேரே தங்களுக்குள்ள தேர்ந்தெடுத்துக்குவாங்க. இப்ப தலைவரா இருக்கற காரி ஸ்டீல் வேதியியல் படிச்சவங்க. ஆனா அந்தப் படிப்பு கட்டாயம் இல்ல. பம்புக்கும் வால்வுக்கும் வித்தியாசம் தெரியாதவங்களும் தேர்தல்ல நிக்கலாம்.

நிஜப் போட்டி நவம்பர் பொதுத்தேர்தல்ல கிடையாது. சிகாகோ இருக்கற குக் கவுண்டி ஜனநாயகக் கட்சியோட கோட்டை. மார்ச்ல நடக்கற உட்கட்சித் தேர்தல்லயே முக்கால்வாசி முடிஞ்சிடும். 2018-ல ஒரு கூத்து நடந்துச்சு. மனுத்தாக்கலுக்குக் கெடு முடியப்போற நேரத்துல ஒரு கமிஷனர் இறந்துட்டார். அந்த நாற்காலிக்கு யாரும் மனுப் போட நேரமில்ல. ஓட்டுச்சீட்டுல பேரே இல்லாம வெறும் கோடு மட்டும். ஒபாமா ஆட்சியில பேரேரிகள் (மிச்சிகன் மாதிரியான பெரிய ஏரிகள்) விஷயத்தைக் கவனிச்ச கேமரன் டேவிஸ்ங்கறவர், "அந்தக் கோட்டுல என் பேரைக் கையால எழுதுங்க"ன்னு பிரசாரத்துக்குக் கிளம்பினார். 50,000 பேருக்கு மேல எழுதினாங்க. அவர்தான் ஜெயிச்சார். யாருமே கவனிக்காத பதவின்னு நினைச்சீங்களா? அப்பப்ப கவனிக்கறாங்க.

(திரையில்: குக் கவுண்டி வரைபடம், ஏழு புள்ளிகள்)

இவங்க கையில என்னதான் இருக்கு? ஏழு சுத்திகரிப்பு நிலையம். அதுல ஸ்டிக்னி நிலையம் மட்டும் ஒரு நாளைக்கு சுமார் 545 கோடி லிட்டர் கழிவுநீரைத் தாங்கும். உலகத்துலயே பெரிய நிலையங்கள்ல ஒண்ணு. 50 லட்சத்துக்கும் மேல ஜனம். வருஷ பட்ஜெட் 100 கோடி டாலரைத் தாண்டும், அதுல பெரும்பங்கு சொத்து வரி. வீட்டு வரி பில்லுல இவங்களுக்குன்னு தனியா ஒரு வரி உண்டு. வரி எவ்வளவு, எந்த டெண்டர் யாருக்கு, எவ்வளவுக்குக் கடன் பத்திரம் விடறது, எல்லாத்துக்கும் இந்த ஒன்பது பேர் கை தூக்கணும். அன்றாட வேலையைப் பாக்க ஒரு நிர்வாக இயக்குநரை இவங்களே நியமிக்கறாங்க. உங்க தெருவுல சாக்கடை அடைச்சா மட்டும் இவங்களைக் கூப்பிடாதீங்க, அது உள்ளூர் நகராட்சி பாடு.

சரி, சாக்கடைக்கு எதுக்குத் தேர்தல்? அதுக்கு 1880-கள் பக்கம் போகணும்.

ஊர்க் கழிவெல்லாம் சிகாகோ ஆத்துல. ஆறு போய்ச் சேர்றது மிச்சிகன் ஏரியில. குடிக்கற தண்ணியும் அதே ஏரியிலதான் எடுத்தாங்க. டைபாய்டு வராம என்ன பண்ணும்? (1885 மழைக்கு அப்புறம் 90,000 பேர் செத்தாங்கன்னு ஒரு கதை இணையத்துல சுத்துது. மழை நிஜம், அந்தச் சாவு நடக்கல. நம்பாதீங்க.) ஆத்தையே எதிர்ப்பக்கம் திருப்பி, மிசிசிப்பி பக்கம் அனுப்பிடலாம்னு முடிவாச்சு. ஒரு நகராட்சியால ஆகற காரியம் இல்ல, ஊர் ஊரா எல்லை தாண்டணும். அதனால தனி வாரியம், தனி வரி, தனித் தேர்தல். வேணுமா வேணாமான்னு ஜனங்களைக் கேட்டாங்க. வேணும்னு 70,958 ஓட்டு. வேணாம்னு 242!

கால்வாய் 28 மைல். வெட்டி முடிக்க ஏழு வருஷத்துக்கு மேல.

இப்ப 1900 ஜனவரி 2-க்கு வாங்க. விடியற்காலை, எலும்பை நடுக்கற குளிர். கெட்ஸி அவென்யூ பக்கத்துல ஆத்துக்கும் கால்வாய்க்கும் நடுவுல ஒரு மண் கரை மட்டும் மிச்சம். ரிப்பன் வெட்ட மந்திரி இல்ல, மேளதாளம் இல்ல. வாரிய உறுப்பினர்களே, ஓட்டு வாங்கி ஜெயிச்ச பெரிய மனுஷங்க, கோட்டு போட்டுக்கிட்டு மண்வெட்டியோட வந்து நிக்கறாங்க. ஏன் இந்த ரகசியம்? கீழ்ப்பக்கம் மிசௌரி மாநிலம் கோர்ட்டுல தடை வாங்கிடுமோன்னு பயம். மண்ணோ உறைஞ்சு கல்லாக் கெடக்கு. வெடி வெச்சாங்க, மசியல. கடைசியில ராட்சச வாளி வெச்ச தூர்வாரும் இயந்திரம்தான் கரையை உடைச்சுது. தண்ணி கால்வாய்க்குள்ள பாஞ்சுது. பதினஞ்சு நாள் கழிச்சு, கால்வாயோட அந்தக் கோடியில இருக்கற லாக்போர்ட்ல அணையை இறக்கி முழுசாத் திறந்துவிட்டாங்க. மிசௌரி அன்னைக்கே சுப்ரீம் கோர்ட்டுல வழக்குப் போட்டுச்சு.

(திரையில்: பீப்பாய்கள், வரிசையா)

அந்த வழக்குல எனக்கு ரொம்பப் பிடிச்ச சாட்சியம் இதுதான். சிகாகோ கிருமி மிசௌரியோட செயின்ட் லூயிஸ் நகரம் வரைக்கும் உயிரோட போகுமான்னு பாக்க, ஆபத்தில்லாததுன்னு அப்ப நம்பின ஒரு பாக்டீரியாவை 107 பீப்பாய் கால்வாய்ல கொட்டினாங்க. நவம்பர் 6-ல கொட்டினது டிசம்பர் 4-ல செயின்ட் லூயிஸுக்கு ஆத்துலேர்ந்து குடிநீர் எடுக்கற கோபுரத்துல கிடைச்சுதுன்னு மிசௌரி சொல்லுச்சு. ஆனாலும் 1906-ல மிசௌரி தோத்துப்போச்சு. உங்க ஊருங்களும்தானே அதே ஆத்துல கொட்டுது, கிருமி யாருதுன்னு எப்படிச் சொல்றதுங்கற கேள்விக்குப் பதில் இல்ல.

1920-கள்ல இதே வாரியத்துல வேலைக்கே வராதவங்களுக்கெல்லாம் சம்பளம் போச்சு; "வூப்பி" (கும்மாளம்) காலம்னே பேரு. கேஸும் நடந்துச்சு. விட்டுடுவோம்.

இன்னொரு ஓட்டெடுப்பைச் சொல்லணும். இது மண்வெட்டி இல்லாதது. சுத்திகரிச்ச தண்ணியில மிச்சமிருக்கற கிருமியைக் கொல்றது அமெரிக்காவோட மத்தப் பெரிய நகரங்கள்ல எப்பவோ வழக்கமாயிடுச்சு. சிகாகோ மட்டும் பண்ணல. செலவு ஜாஸ்தி, இது ஆளுங்க குளிக்கற ஆறு இல்லன்னு வாரியம் வருஷக்கணக்கா மறுத்துச்சு. 2006-ல ஜெயிச்சு உள்ள வந்த டெப்ரா ஷோர் மாதிரி சிலர் உள்ளேர்ந்தே தள்ளிக்கிட்டு இருந்தாங்க. 2011 மே மாசம் மத்திய சுற்றுச்சூழல் அமைப்பு கண்டிப்பாச் சொன்னதும், ஜூன்ல வாரியம் ஓட்டுப் போட்டு இறங்கி வந்துச்சு. கேலுமெட் நிலையத்துல குளோரின். வடக்குப் பக்க நிலையத்துல புற ஊதா விளக்கு. அந்த வடக்கு நிலையத்துக்கு இப்ப டெரன்ஸ் ஓ'பிரையன்னு பேரு. யாருன்னு கேட்டீங்கன்னா, 2011-ல வாரியத் தலைவரா இருந்தவர்தான்!

2025 செப்டம்பர்ல சிகாகோ ஆத்துல கிட்டத்தட்ட 300 பேர் நீந்தினாங்க. நூறு வருஷத்துக்குக் கிட்ட நடக்காத நீச்சல் போட்டி. அதுக்கு முன்னாடி பெருமழை பெஞ்சிருந்தா நடந்திருக்குமான்னு சந்தேகம்தான். மழைத்தண்ணியும் சாக்கடையும் அந்த ஊர்ல ஒரே குழாய். மழை மிஞ்சினா ஆத்துக்குள்ளதான் வழியும். அதைப் பிடிச்சு வைக்க பூமிக்கடியில 109 மைல் சுரங்கம் தோண்டி முடிச்சது 2006-ல. அதுல வர்ற தண்ணியைத் தேக்கற மெக்குக் நீர்த்தேக்கத்தோட முதல் பாதி 2017-ல திறந்தாச்சு. ரெண்டாவது பாதிக்கு இன்னும் பாறை உடைச்சுக்கிட்டு இருக்காங்க.