மரத்தடியில் புகைபிடித்தால் கல்லூரிக்கு என்ன?

அடுத்த கேள்வியை ஒரு மாணவர் அனுப்பியிருக்கிறார். "எங்களுடையது தன்னாட்சிக் கல்லூரி. வளாகம் முழுவதும் புகைபிடிக்கக் கூடாது என்று சுற்றறிக்கை வந்திருக்கிறது. கட்டடத்துக்குள் கூடாது, சரி. மரத்தடியில் நின்று புகைப்பதைத் தடுக்க இவர்களுக்கு என்ன அதிகாரம் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். விளக்குங்கள் ஐயா."

அதிகாரம் இருக்கிறது, தம்பி. 2003-ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டம் கல்வி நிறுவனங்களைப் பொது இடம் என்று பெயர் சொல்லியே சேர்த்தது. கூடவே, திறந்தவெளி அதில் சேராது என்று ஒரு விலக்கும் வைத்தது. 2008 அக்டோபர் 2-இல் நடைமுறைக்கு வந்த விதிகள் அதைச் சுருக்கின. விளையாட்டரங்கம், ரயில் நிலையம், பேருந்து நிறுத்தம் போன்ற இடங்களைத் திறந்தவெளி என்று சொல்லி இனித் தப்ப முடியாது. கல்லூரி மரத்தடி மட்டும் பெயர் சொல்லப்படாமல் நிற்கிறது. உங்கள் நண்பர்கள் அந்த இடுக்கைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

சட்டம் சொல்லாமல் விட்ட இடம் உரிமையாகிவிடாது. 200 ரூபாய் வரை அபராதம் என்பது அரசின் சட்டம். வளாக ஒழுங்குக்கு விதி வகுப்பது கல்லூரியின் வேலை. தன்னாட்சி என்றால் பாடத்திட்டமும் தேர்வும் மட்டுமா? விடுதியில் பக்கத்து அறைப் புகையை மூச்சில் வாங்கும் பையனுக்கும் அந்த நிர்வாகம்தானே பொறுப்பு?

கலிஃபோர்னியாவில் நடந்ததைப் பாருங்கள். 2016-இல் மாநிலப் பல்கலைக்கழக வளாகங்களிலும் சமுதாயக் கல்லூரிகளிலும் புகைக்கத் தடை விதிக்கும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஆளுநர் ஜெர்ரி பிரவுன் ஒப்புதல் தர மறுத்தார். அந்த நிறுவனங்களின் ஆட்சிக் குழுக்களுக்கே இதற்கு அதிகாரம் உண்டு என்பது அவர் சொன்ன காரணம். அத்தோடு விஷயம் படுத்துவிடவில்லை. மாநிலப் பல்கலைக்கழகம் 2017 செப்டம்பர் 1 முதல் தன் 23 வளாகங்களிலும் தானே தடையைக் கொண்டுவந்தது. மாநில அரசமைப்பிலேயே தன்னாட்சி பெற்ற இன்னொரு பல்கலைக்கழகமான கலிஃபோர்னியா பல்கலைக்கழகமோ 2014 ஜனவரியிலேயே அதைச் செய்துவிட்டது. யாரும் உத்தரவு போடாமலே செய்தார்கள் பாருங்கள், எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

நம் ஊரில் விதி வருகிறது, விதியைக் காப்பவர் வருவதில்லை. வாசலில் அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும், யாரிடம் புகார் செய்யலாம் என்ற பெயரும் தெரியப்படுத்த வேண்டும் என்கிறது 2008 விதி. நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியின் பலகையில் இருந்த பெயர், மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓய்வு பெற்றவருடையது. வெயிலில் பாதி எழுத்து உதிர்ந்திருந்தது. எதிர்ச்சாரியில் பெட்டிக்கடை, சிகரெட் பற்றவைக்கக் கயிற்று நுனியில் கனல் எந்நேரமும் புகைந்துகொண்டிருக்கும். மதில் சுவரிலிருந்து 100 கெஜத்துக்குள் விற்கக் கூடாது என்பது சட்டம். அந்தக் கடை இருபது எட்டு தூரம்கூட இல்லை. நிர்வாகத்தைக் கேட்டால், வெளியே நடப்பது எங்கள் எல்லை இல்லை என்பார்கள். காவல் நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுத எந்த எல்லை தடுத்தது?

ஆகவே நண்பர்களிடம் சொல்லுங்கள், அந்தச் சுற்றறிக்கை செல்லும். நீங்கள் நாளை வாசல் பலகையில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். புகார் வந்தும் பொறுப்பாளர் நடவடிக்கை எடுக்காவிட்டால், எத்தனை பேர் புகைத்தார்களோ அத்தனை அபராதமும் அவர் தலையில் விழும் என்று அதே 2008 விதி சொல்கிறது. பெயர் பழையதாக இருந்தால் கல்லூரி முதல்வருக்கு எழுதுங்கள், தேதியிட்டு, நகல் வைத்துக்கொண்டு.