டயரில் தொடங்கி இன்ஜினில் முடியுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

சாலை இல்லாத இடங்களுக்கு நெடும்பயணம் போக டீசல் வண்டி கட்டுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் இன்ஜினைத்தான் தேடுகிறார்கள். தேட வேண்டிய வரிசை அதற்கு நேர் எதிர். முதலில் எடை. தண்ணீர், டீசல், கூடாரம், உதிரிபாகம், ஆட்கள் என எல்லாவற்றையும் ஏற்றி எடைமேடையில் நிறுத்திப் பார்த்த எடை. அந்த எடையையும் போகிற தரையையும் வைத்து டயர். டயர் முடிவானால் சக்கரங்களைச் சுழற்றும் ஆக்ஸில், அதன்பின் முன், பின் ஆக்ஸில்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ், கியர்பாக்ஸ், கிளட்ச். இவ்வளவும் தாங்கும் முறுக்குவிசை தெரிந்த பிறகுதான் இன்ஜின்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 29 அங்குல டயரும் 4.10 ஆக்ஸில் விகிதமும் உள்ள வண்டி. அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற, ஆக்ஸிலுக்குள் வரும் ஷாஃப்ட் 4.10 சுற்று சுற்றும். முதல் கியரின் விகிதம் 4, மெதுவாக ஏறுவதற்கு டிரான்ஸ்ஃபர் கேஸில் உள்ள லோ ரேஞ்சின் விகிதம் 2.5 என்றால் மூன்றையும் பெருக்க 41 வரும். அதாவது இன்ஜினின் முறுக்குவிசை, உராய்வு இழப்பு நீங்கலாக, 41 மடங்காகச் சக்கரத்துக்குப் போகிறது. இதே வண்டிக்கு 33 அங்குல டயர் போட்டால், டயர் பெரிதாக ஆக இழுவை குறைவதால், அந்த 41, வெறும் 36 போல ஆகிவிடும். பாறையில் ஏறும்போது கிளட்சை நழுவவிட வேண்டி வரும். கிளட்ச் கருகுவது பெரும்பாலும் இப்படித்தான். பழைய இழுவையை மீட்க 4.67 விகிதம் வேண்டும். கிடைக்கக்கூடியவை 4.56, 4.88. டாப் கியர் 0.8 உள்ள வண்டி, 33 அங்குல டயரில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது 4.56-இல் இன்ஜின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,300 சுற்று சுற்றும். 4.88-இல் 2,470. நெடுஞ்சாலை அதிகமென்றால் 4.56 போதும். எடை கூடி, மலையும் மணலுமாக வழி இருந்தால் 4.88.

4.88-க்கு ஒரு விலை உண்டு. ஆக்ஸிலுக்குள் பினியன் என்ற சின்னப் பல்சக்கரம், கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது. 4.10 பினியனில் வழக்கமாக 10 பல், 4.88-இல் 8. கிரவுன் வீலின் அளவு மாறாது, பினியன்தான் சிறுத்துவிடும். ஆகவே இந்தப் பல்சக்கரங்கள் இருக்கும் டிஃபரன்ஷியல் சின்னதாக இருந்தால் அதில் பெரிய விகிதத்தைத் திணிப்பதைவிட, பெரிய கிரவுன் வீல் உள்ள ஆக்ஸிலையே வாங்குவது நல்லது. முன், பின் இரண்டு ஆக்ஸிலும் ஒரே விகிதத்தில் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. ஒன்றை மட்டும் மாற்றி ஃபோர் வீலைப் போட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுகி நிற்கும்.

பின் ஆக்ஸில் ஃபுல் ஃப்ளோட்டிங் வகையாக இருக்கட்டும். செமி ஃப்ளோட்டிங்கில் வண்டியின் எடையையும் ஆக்ஸில் ஷாஃப்ட்டே சுமக்கிறது. அது ஒடிந்தால் பல அமைப்புகளில் சக்கரமே கழன்று வந்துவிடும். ஃபுல் ஃப்ளோட்டிங்கில் எடையை ஹப்பின் இரண்டு டேப்பர் பேரிங்குகள் தாங்கும். ஷாஃப்ட்டுக்குச் சுழற்றுகிற வேலை மட்டும். ஒடிந்தால் வழியிலேயே போல்ட்டைக் கழற்றி உருவிப் போட்டு, வேறு ஷாஃப்ட்டைச் செருகிவிடலாம். எந்த வண்டியிலும் ஏதோ ஒன்று முதலில் உடையத்தான் செய்யும். அது கைக்கு எட்டுகிற பாகமாக இருக்கும்படி தேர்ந்தெடுப்பதுதான் இந்த வேலையின் உயிர். ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டின் மூட்டான கிராஸ் உடைந்தால் ஒரு மணி நேர வேலை. பினியன் பல் உடைந்தால் பயணம் அங்கேயே நின்றுவிடும்.

இரு பக்கச் சக்கரங்களையும் ஒரே வேகத்தில் சுழலவைக்கும் டிஃபரன்ஷியல் லாக் ஒன்றுதான் வாங்க முடியுமென்றால் பின்னால் போடுங்கள். ஏறும்போது எடை பின்னால்தான் சாய்கிறது.

கிளட்சைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். டீசலின் துடிப்பை அடக்க இப்போது பல வண்டிகளில், இரண்டு தட்டுகளுக்கு நடுவே ஸ்பிரிங் வைத்த இரட்டைப் பிளைவீல் வருகிறது. சாலையில் அது சுகம். ஆனால் முழுச் சுமையோடு மெதுவாக ஊர்ந்து ஏறும்போது அதன் உள் ஸ்பிரிங்குகள் அடிவாங்கித் தளர்ந்துபோகும். ஒற்றைப் பிளைவீலுக்கு மாற்றினால் உழைக்கும். ஆனால் துடிப்பு கியர்பாக்ஸுக்குள் போகும். மாற்றுகிறவர்கள் ஸ்பிரிங் வைத்த கிளட்ச் பிளேட்டையே போட வேண்டும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் என்றால் அதன் ஆயிலுக்குத் தனிக் கூலரும், கண்ணில் படும் இடத்தில் வெப்பமானியும் கட்டாயம்.

ஆயிலில் ஒரு பிழை அடிக்கடி நடக்கிறது. ஜிஎல்-4, ஜிஎல்-5 என்பவை கியர் ஆயிலின் தர வகைகள். ஆக்ஸிலுக்கு ஜிஎல்-5 சரி. அதே ஆயிலை ஜிஎல்-4 கேட்கும் பழைய கியர்பாக்ஸில் ஊற்றினால், கியரைச் சத்தமில்லாமல் சேர்க்கும் பித்தளை சிங்க்ரோ வளையங்கள் கெட்டு கியர் விழும்போது கரகரக்கும். ஆக்ஸிலுக்குள் காற்று போய்வரும் பிரீதர் குழாயையும் பானட் உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள். சூடான ஆக்ஸில் ஓடைத் தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியே தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஆயில் பால் நிறமாவது அதனால்தான்.

புதிய கிரவுன், பினியன் போட்ட வண்டியை முதலில் அரை மணி நேரம் மிதமாக ஓட்டி, முழுதும் ஆறவிடுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை. 800 கிலோமீட்டர் வரை பாரம் இழுக்க வேண்டாம். பிறகு ஆயிலை வடித்து, வடிகால் பிளக்கின் காந்தத்தைப் பாருங்கள். மை போன்ற சாம்பல் பசை இருந்தால் அது இயல்பான தேய்மானம். நகத்தில் தட்டுப்படுகிற செதில் இருந்தால், கிளம்பும் தேதியைத் தள்ளிவைத்து, டிஃபரன்ஷியலைத் திறந்து பாருங்கள்.