மகன் மாத்திரையை நிறுத்திவிட்டான், சாதத்தில் கலந்து கொடுக்கலாமா?

அடுத்த கேள்வி ஒரு அம்மா அனுப்பியது. மகனுக்கு மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா). ஒரு வருடம் மாத்திரை சாப்பிட்டுத் தேறி, வேலைக்கும் போனான். இப்போது "எனக்குத்தான் ஒன்றும் இல்லையே" என்று நிறுத்திவிட்டானாம். தெரியாமல் தயிர்சாதத்தில் கலந்து கொடுக்கலாமா என்று கேட்கிறார்.

அம்மா, அதை மட்டும் செய்துவிடாதீர்கள். என்றைக்காவது கண்டுபிடித்துவிடுவான். சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள் என்பது இந்த நோயில் பலருக்கு வருகிற சந்தேகம். அதை நாமே உண்மையாக்கிவிட்டால், அப்புறம் உங்கள் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டான்.

சரி, ஏன் நிறுத்துகிறார்கள்? வீட்டில் 'திமிர்' என்பார்கள். பல நேரம் காரணம் அந்த மாத்திரையிலேயே இருக்கும். இந்த நோய்க்குத் தருகிற ஓலான்சபின் மாத்திரையைச் சாப்பிடுகிற சிலருக்குப் பசியே அடங்காது. நாலைந்து மாதத்தில் பழைய பேன்ட் இடுப்பில் ஏறாது. ரிஸ்பெரிடோன் என்கிற இன்னொரு மாத்திரையில் சில ஆண்களுக்குத் தாம்பத்திய ஆசை போய்விடும், சில பெண்களுக்கு மாதவிடாய் நின்றுவிடும். அம்மா பக்கத்திலேயே நிற்கும்போது எந்தப் பையன் இதை டாக்டரிடம் சொல்வான்? இன்னும் சிலருக்கு உட்காரவே முடியாது, வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டே இருப்பார்கள். நோய் முற்றிவிட்டது என்று வீட்டில் பயப்படுவார்கள். அதுவும் மருந்தின் வேலையாக இருக்கலாம். டோஸைக் குறைத்தோ மருந்தை மாற்றியோ பெரும்பாலும் சரிசெய்துவிடலாம்.

'எனக்கு நோயே இல்லை' என்பதும் வீம்பு என்று நினைக்காதீர்கள். தனக்கு நோய் இருப்பது தெரியாமல் போவதும் இந்த நோயின் ஒரு பகுதிதான்.

இதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. நிறுத்திய மறுநாளே ஒன்றும் ஆகிவிடாது. பல வாரம், சிலருக்குப் பல மாதம்கூட நன்றாகத்தான் போகும். தூக்கக் கலக்கம் விலகி முகம் தெளிந்திருக்கும். "பார்த்தீங்களா, மாத்திரைதான் என்னைக் கெடுத்துச்சு" என்பான், நீங்களும் நம்பிவிடுவீர்கள். பிறகு ஒருநாள் ராத்திரித் தூக்கம் குறையும். பலருக்கு நோய் திரும்புவதற்கு அதுதான் முதல் அடையாளம்.

தூக்கம் கெடும்வரை காத்திருக்காமல் இந்த வாரமே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். பத்து நிமிடம் அவனைத் தனியாகப் பேச விடுங்கள். தினமும் மாத்திரை என்றால் முடியாது என்றானானால், இரண்டு வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை போடுகிற ஊசி இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். வர மறுத்தால் 14416, டெலி மானஸ் என்கிற அரசின் மனநல உதவி எண், இலவசம், நீங்களே பேசலாம். டாக்டரிடம் போகும்போது மிச்ச மாத்திரை அட்டைகளையும் எடுத்துப்போங்கள். எண்ணிப் பார்த்தாலே எப்போதிலிருந்து நிறுத்தினான் என்று தெரிந்துவிடும்.