கம்பெனிக்காக எடுத்த நிலம்: வழக்கு எங்கே ஜெயிக்கிறது, எங்கே தோற்கிறது?

[காட்சி: வயல்களுக்கு நடுவே பாதியில் நின்றுபோன தொழிற்சாலைக் கூரை]

2016 ஆகஸ்ட் 31. மேற்கு வங்காளத்தின் சிங்கூரில் 997 ஏக்கர் நிலத்தை அரசு எடுத்தது செல்லாது, 12 வாரத்தில் விவசாயிகளிடம் திருப்பிக் கொடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. டாடா மோட்டார்ஸின் நானோ கார் தொழிற்சாலைக்காக 2006இல் எடுத்த நிலம் அது. எதிர்ப்பு முற்றியதால் 2008இலேயே கம்பெனி குஜராத்துக்குப் போய்விட்டது. அப்படியும் நிலம் திரும்ப இன்னும் எட்டு வருஷம் ஆனது.

இந்தத் தீர்ப்பில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. வழக்கை விசாரித்த இரண்டு நீதிபதிகளும் முக்கியமான கேள்வியில் ஒத்துப்போகவில்லை. இது ஒரு கம்பெனிக்காக எடுத்த நிலம், அதற்குச் சட்டத்தில் இருக்கும் தனி நடைமுறையைப் பின்பற்றவே இல்லை என்றார் நீதிபதி கோபால கவுடா. தொழிற்சாலை வந்தால் வேலை வரும், ஆகவே நிலம் எடுக்கச் சட்டம் கேட்கும் பொது நோக்கம் இதில் இருக்கிறது என்றார் நீதிபதி அருண் மிஸ்ரா.

அப்புறம் எப்படி இரண்டு பேருமே நில எடுப்பை ரத்து செய்தார்கள்?

[திரையில்: 1894 நில எடுப்புச் சட்டம், பிரிவு 5ஏ]

நிலத்தை எடுக்கப்போவதாக அறிவித்தால், சொந்தக்காரர் ஆட்சேபணை சொல்லலாம். அதிகாரி அவரை நேரில் கேட்க வேண்டும், கேட்டதை யோசித்துப் பார்த்து அரசுக்கு அறிக்கை எழுத வேண்டும். இதுதான் 5ஏ. சிங்கூரில் இது சடங்காக நடந்தது. காரணம் சொல்லாமலே ஆட்சேபணைகளைத் தள்ளிவிட்டார்கள். அந்த இடத்தில் இரண்டு நீதிபதிகளும் ஒன்றுசேர்ந்தார்கள். இழப்பீடு வாங்கியவர்கள் பணத்தைத் திருப்பித் தர வேண்டாம் என்றும் சொன்னார்கள், பத்து வருஷமாக அவர்களுக்குப் பிழைப்பு இல்லையே என்பதால்.

'தனியார் லாபம் எப்படிப் பொது நோக்கம் ஆகும்?' என்ற வாதம் நியாயமானது. எனக்கும் மனசுக்கு நெருக்கமானது. ஆனால் நீதிமன்றத்தில் அது அடிக்கடி தோற்றிருக்கிறது. கான்பூரில் ஜவுளி இயந்திர உதிரிபாகத் தொழிற்சாலைக்கு நிலம் எடுத்ததை, பொதுமக்களுக்கு நேரடிப் பயன் இல்லை என்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததுண்டு. உடனே 1962இல் சட்டத்தையே திருத்திவிட்டார்கள். பஞ்சாபில் இன்னொரு கம்பெனிக்கு எடுத்த நிலத்துக்கு அரசு போட்ட பங்கு வெறும் 100 ரூபாய். அரசுப் பணம் ஒரு துளி கலந்தால் போதும், அது பொது நோக்கம்தான் என்று உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பத்து தலைமுறை உழுத நிலத்துக்கு எதிரே 100 ரூபாய்!

சரி, கம்பெனி நிலத்தை வாங்கிக்கொண்டு சும்மா போட்டுவிட்டால்?

எல்லாரும் கேட்கிற கேள்வி இது. பதில் கசப்பானது. நிலம் ஒருமுறை அரசின் கைக்குப் போய்விட்டால், எந்த வில்லங்கமும் இல்லாமல் முழுசாக அரசுடையது ஆகிறது. ஹரியானாவில் ஒரு கண்ணாடிக் கம்பெனி வழக்கில், நிலம் பயன்படாமல் கிடப்பதால் மட்டும் பழைய சொந்தக்காரர் திரும்பக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நிபந்தனையை மீறிய கம்பெனி மீது அரசு வேண்டுமானால் நடவடிக்கை எடுக்கலாம், அவ்வளவுதான். தமிழ்நாடு 1894 சட்டத்தில் 48பி என்று ஒரு பிரிவைச் சேர்த்தது. தேவைப்படாத நிலத்தை, தான் வாங்கிய இழப்பீட்டைத் திருப்பிக் கட்டினால் பழைய சொந்தக்காரருக்கே அரசு கொடுக்கலாம். 'கொடுக்கலாம்' என்றுதான் இருக்கிறது, 'கொடுக்க வேண்டும்' என்று இல்லை. அதுவும் நிலம் அரசின் கையில் இருந்தால்தான்.

[திரையில்: 2013 சட்டம். தனியார் கம்பெனி என்றால் 80 சதவீதக் குடும்பங்களின் சம்மதம். அரசு தனியார் கூட்டுத் திட்டம் என்றால் 70]

2014 ஜனவரி 1 முதல், 1894 சட்டத்துக்குப் பதிலாக இந்தப் புதிய சட்டம். சம்மதம், சமூகத் தாக்க மதிப்பீடு, கூடுதல் இழப்பீடு எல்லாம் வந்தன. ஆனால் 'அல்லது' என்ற ஒரு சின்னச் சொல்லைப் பாருங்கள். பிரிவு 24, பழைய எடுப்புகளைப் பற்றியது. அவார்டு, அதாவது இழப்பீட்டை முடிவு செய்யும் உத்தரவு, போட்டு ஐந்து வருஷம் தாண்டியும் நிலத்தைக் கைக்கொள்ளவில்லை 'அல்லது' பணம் தரவில்லை என்றால் எடுப்பு காலாவதி என்கிறது. பல விவசாயிகள் இதைப் பிடித்து ஜெயித்தார்கள். 2020இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, அந்த 'அல்லது' என்பதை 'மற்றும்' என்று படிக்க வேண்டும் என்றது. இரண்டும் நடக்காமல் இருந்தால்தான் காலாவதி. அதுமட்டுமல்ல, நிலத்தை எடுத்துக்கொண்டதாக அதிகாரி மகஜர் (பதிவுக் குறிப்பு) எழுதிவிட்டால் கைக்கொண்டதாகவே கணக்கு. நீங்கள் இன்னும் உழுதுகொண்டிருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அத்துமீறி நுழைந்தவர்.

பிரிவு 101இலும் ஓர் 'அல்லது' உண்டு. ஐந்து வருஷம் பயன்படாத நிலம் பழைய சொந்தக்காரருக்கு 'அல்லது' அரசின் நில வங்கிக்குப் போகும். எதற்குப் போகும் என்று முடிவு செய்வது அரசு.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இன்னொரு செய்தி. இங்கே தொழிற்சாலைக்கு நிலம் எடுக்க 1997இல் இயற்றிய தனிச் சட்டம் இருக்கிறது. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. அதே வருஷம் சட்டசபை அதற்கு மறுபடி உயிர் கொடுத்தது. 2021இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. இழப்பீடு மட்டும் 2013 சட்டப்படி கிடைக்கும், 80 சதவீதச் சம்மதம் கிடையாது. ஆனால் அந்தச் சட்டத்திலும் நோட்டீஸ் கொடுத்து ஆட்சேபணை கேட்டே ஆக வேண்டும்.

[திரையில்: ஒரு நோட்டீஸ், அதன் மேல் தேதி]

அதனால் நோட்டீஸ் கைக்கு வந்த தேதியை முதலில் குறித்து வையுங்கள். ஆட்சேபணையை எழுத்தில் கொடுங்கள். சர்வே எண், கிணறு, மரம், எத்தனை போகம் விளைகிறது, பக்கத்தில் தரிசு எங்கே இருக்கிறது, எல்லாவற்றையும் எழுதுங்கள். வாங்கியதற்கு ஒப்புகை கேளுங்கள், விசாரணைக்கு நேரில் போங்கள். உங்கள் மனுவைத் தள்ளினால் அந்த உத்தரவின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதில் ஒரு காரணமும் இல்லையென்றால், வக்கீலிடம் முதலில் நீட்ட வேண்டிய தாள் அதுதான்.