மூன்றாம் நாள் அடங்கும் அரிப்பு

மதிப்பிற்குரிய தலைமையாசிரியை அம்மையார் அவர்களே, தலைமையேற்றிருக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் ஐயா அவர்களே, வேலைகளுக்கிடையே முன்வரிசையில் வந்தமர்ந்திருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, சுவரோரம் நின்றபடியே கேட்கும் சத்துணவுக்கூடச் சகோதரிகளே, பெற்றோர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

குழந்தைகளின் தோலில் வரும் பூஞ்சை நோய் எதனால் வருகிறது, ஏன் தீராமல் இழுக்கிறது, அதற்கு நாம் என்ன செய்ய வேண்டும் என்று மூன்று செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன்.

படர்தாமரை என்னும் இந்தப் பூஞ்சை நோய், பூச்சி கடித்து வருவதன்று. ரத்தம் கெட்டு வருவதும் அன்று. தோலின் மேலடுக்கிலும் முடியிலும் நகத்திலும் உள்ள கெரட்டின் என்னும் புரதத்தைத் தின்று வாழும் பூஞ்சை, நோயுள்ள ஒருவரின் தோலிலிருந்தோ, அவர் துடைத்த துண்டிலிருந்தோ, பூனைக்குட்டி நாய்க்குட்டியின் உடலிலிருந்தோ குழந்தைமேல் ஏறி, வியர்வை காயாத இடமாகப் பார்த்துப் பிடித்துக்கொள்கிறது. நடுவில் ஆறியதுபோலத் தெரிந்தாலும் ஓரம் சிவந்து தடித்து வட்டமாக விரிந்துகொண்டே போகும். தலையில் வந்தால் முடி ஒடிந்து திட்டுத்திட்டாகச் சொட்டை விழும். அங்கே மேற்பூச்சு போதாது, வாரக்கணக்கில் உள்மருந்து வேண்டும்.

பதறிய காரியம் சிதறும் என்பார்கள். இந்த நோயில் அதை நான் கண்ணாரக் கண்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பாட்டி தம் ஐந்து வயதுப் பேரனை அழைத்து வந்தார். சட்டையைத் தூக்கிப் பார்த்தால், அரைஞாண் கயிறு கிடந்த இடுப்பைச் சுற்றி வட்டத்துக்குள் வட்டமாகத் தடிப்பு. குளித்தபின் துடைக்காமல் விட்ட ஈரம் அந்தக் கறுப்புக் கயிற்றில் அப்போதும் இருந்தது. “என்னம்மா போட்டீர்கள்?” என்றேன். சுருக்குப்பையிலிருந்து, பற்பசைக் குழாயைப் போல அடிவரை சுருட்டிப் பிதுக்கிய ஒரு களிம்புக் குழாயை எடுத்தார். “போட்டா மூணாம் நாளே அரிப்பு அடங்கிருதுங்க ஐயா. விட்டா மறுபடியும் வந்துருது. இது நாலாவது டியூபு” என்றார். பேசிக்கொண்டே அவர் முழங்கையைச் சொறிந்தார். அங்கும் அதே வட்டம். விசாரித்தால் பையனின் தாய்க்கும் தகப்பனுக்கும் உண்டு. நால்வருக்கும் கொடியில் தொங்குவது ஒரே துண்டு, பூசுவது ஒரே குழாய். வெளியே நின்றிருந்த தகப்பனையும் உள்ளே கூப்பிட்டு, குடும்பம் முழுவதற்கும் சேர்த்தே வைத்தியம் தொடங்கினேன்.

அந்தக் குழாயில் பூஞ்சை மருந்தோடு குளோபீட்டசால் என்னும் வீரியமிக்க ஸ்டீராய்டும் கலந்திருந்தது. ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் அடக்கும், பூஞ்சையைக் கொல்லாது. தோலின் எதிர்ப்பு தளர்ந்த இடத்தில் பூஞ்சை ஓசையின்றிப் பரவும். நாளடைவில் பிள்ளையின் தோலும் மெலிந்து வரிவரியாகும். பதறிய காரியம் சிதறியது இப்படித்தான். 2018-இல் மத்திய அரசு இத்தகைய ஸ்டீராய்டுக் களிம்புகளை மருந்துச்சீட்டின்றி விற்கக்கூடாத அட்டவணை எச்-இல் சேர்த்தது. ஆனாலும் “படைக்கு ஒரு டியூபு கொடுங்கள்” என்று கேட்டால் பல இடங்களில் இன்றும் கிடைக்கிறது. இதற்கிடையில், வழக்கமான டெர்பினஃபின் மருந்துக்குப் பல நேரங்களில் அடங்காத ஒரு பூஞ்சைக்கு, நம் நாட்டின் பெயரையே சேர்த்து ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று 2020-இல் பெயரிட்டிருக்கிறார்கள். ஒரு கொடிய கிருமி நம் நாட்டின் பெயரைச் சுமப்பது எனக்கு உண்மையிலேயே வேதனை தருகிறது.

ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: சீட்டில்லாமல் ஸ்டீராய்டுக் களிம்பு தருவதில்லை என்ற அறிவிப்பை நம் ஊர் மருந்துக்கடைகளின் வாசலில் ஒட்டச் செய்ய வேண்டும். தாய்மார்களே, அரிப்பு நின்றதும் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். மருத்துவர் சொன்ன நாள்வரை பூசுங்கள். பதறிய காரியம் சிதறும்.

வரும் சனிக்கிழமை காலை இதே கூடத்தில் ஒரு மேசை போட்டுத் தருவதாகத் தலைமையாசிரியை அம்மையார் அன்போடு இசைந்திருக்கிறார்கள். வீட்டிலுள்ள களிம்புக் குழாய்களை, தீர்ந்தவையானாலும், எடுத்து வாருங்கள். அவற்றில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் மருந்துப் பெயர்களை ஒவ்வொன்றாக உங்களுக்குப் படித்துச் சொல்கிறேன்.