வேலையை விடும் முன் வேரை அறுத்துப் பாருங்கள்!

[காட்சி: கையில் பென்சில் பருமனில் ஒரு வேர்த்துண்டு. மேசையில் அயோடின் பாட்டில்.]

இது தேயிலைச் செடியின் வேர். இதை அறுத்து, மண் போகக் கழுவி, அயோடினில் ஒரு முக்கு முக்கப் போகிறேன். கருநீலமாக மாறினால் நீங்கள் வேலையை விடலாம். வெளுத்தே இருந்தால், மன்னிக்கவும், திங்கட்கிழமை காலையில் ஒழுங்காகப் போய்க் கைரேகை வைத்துவிடுங்கள்.

வீடியோவைத் திறக்க வைக்கச் சொன்ன பொய் என்று நினைக்கிறீர்களா? கால்வாசிதான் பொய். மீதி முக்கால்வாசிக்காக இன்னும் கொஞ்ச நேரம் என்னோடு இருங்கள்.

[காட்சி: குன்னூர், மேகம் இறங்கிய தேயிலைச் சரிவு.]

வணக்கம். குன்னூரில் இருந்து பேசுகிறேன். வெளியே மழை, எங்கள் வீடு தகரக் கூரை. இடையில் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்குப் பார்க்கப் போவது, கெரியர் கோச் ஒருவரை வைத்துக்கொண்டு வேலை மாறுவதைத் திட்டமிடுவது எப்படி என்று.

முதலில், கோச் என்றால் யார்? நம் ஊரில் கோச் என்றால் ரயில் பெட்டி. அது ஒன்றும் தப்பில்லை. அந்தச் சொல்லே ஹங்கேரியில் கோச் என்ற ஊரில் செய்த குதிரை வண்டியின் பெயரில் இருந்து வந்ததுதான். பிறகு 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக் கல்லூரிப் பையன்கள், தங்களைப் பரீட்சையில் கரையேற்றும் வாத்தியாரைக் கிண்டலாக "வண்டி" என்று கூப்பிட்டார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது. வாத்தியாருக்குப் பட்டப்பெயர் வைப்பது உலகப் பொதுவழக்கம் போல.

எங்கள் மலை ரயிலைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூர் வரை ஏறும்போது நீராவி எஞ்சின் முன்னால் நின்று இழுப்பதில்லை, பின்னால் இருந்து தள்ளும். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்துக்கு நடுவே பல்பட்டை வந்துவிடும், எஞ்சினின் பல்சக்கரம் அதில் பல் பல்லாகப் பிடித்து ஏறும். அப்படியானால் முன்னால் யார்? முதல் பெட்டியின் முகப்பில் பிரேக்மேன் ஒருவர் கொடியோடு நிற்பார். பாதையில் பாறை விழுந்திருக்கிறதா, யானை நிற்கிறதா என்று பார்ப்பது அவர்தான்.

கோச் என்பவர் அந்த எஞ்சின் மாதிரி, பின்னால் இருப்பவர். கொடி உங்கள் கையில். "எனக்கு எந்த வேலை சரிவரும், நீங்களே சொல்லிவிடுங்கள்" என்று கேட்டுப் போனால், நல்ல கோச் சொல்ல மாட்டார். சொன்னால் அவர் ஜோசியர். (உவமை முழுசாகப் பொருந்தாது, எரிபொருளும் நீங்கள்தான் போட வேண்டும். கமெண்டில் சண்டைக்கு வராதீர்கள்.)

வரலாற்றை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிராங்க் பார்சன்ஸ் என்பவர் தொழில் ஆலோசனைக்கென்று ஓர் அலுவலகம் தொடங்கியது 1908இல். நம் மலை ரயில் ஊட்டியைத் தொட்டதும் அதே 1908இல். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, எனக்குப் பிடித்திருந்தது, சொன்னேன். கோச்சுகள் பலர் கேட்பது சுற்றிச் சுற்றி நான்கு கேள்வி: என்ன வேண்டும், இப்போது எங்கே நிற்கிறாய், என்னென்ன வழி இருக்கிறது, அதில் எதை எப்போது செய்வாய். ஜான் விட்மோர் என்ற ஆங்கிலேயர் பரப்பிய முறை. அவ்வளவுதான், வரலாறு முடிந்தது.

[காட்சி: அக்காவின் நோட்டுப் புத்தகம். முகம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.]

இனி என் அக்கா கதை. தனியார் பள்ளி ஒன்றில் 11 ஆண்டுகளாகக் கெமிஸ்ட்ரி டீச்சர். பாடம் நடத்துவது பிடிக்கும். அதைத் தவிர மற்ற எல்லாமே கசந்துபோய்விட்டது. ஒருநாள் ராத்திரி சாப்பிடும்போது, "டேய், நாளைக்கே எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடப் போகிறேன்" என்றாள். இதே வசனத்தை மூன்று வருடமாகக் கேட்கிறோம், அதனால் யாரும் சாம்பார்க் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. ஆனால் இந்த முறை நிஜமாகவே ஒரு கோச்சைப் பிடித்துவிட்டாள். வீடியோ காலில் ஆறு அமர்வு, ஒன்றுக்கு 2,000 ரூபாய். அப்பா கேட்டது: "12,000 ரூபாய் கொடுத்து ஒருத்தர் உன்னைக் கேள்வி கேட்கணுமா? உங்க அம்மா இலவசமாகவே கேட்பாளே!"

முதல் அமர்வில் மழையில் சிக்னல் போய்விட்டது. அக்கா குடையைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் டேங்க் மேட்டில் நின்று பேசினாள். கோச் கொடுத்த முதல் வீட்டுப்பாடம் சின்னது. ஒரு வாரம், செய்யும் ஒவ்வொரு வேலையையும் எழுதிப் பக்கத்தில் பிளஸ் அல்லது மைனஸ் போட வேண்டும். அந்தப் பக்கத்தைத்தான் காட்டுகிறேன், பாருங்கள். "9ஆம் வகுப்பு, அமிலம் காரம், செய்முறை" என்று எழுதி பிளஸ். "பஸ் டியூட்டி" மைனஸ். "மதிப்பெண் ஏற்றுதல்" மைனஸ், இரண்டு தடவை அழுத்திப் போட்டிருக்கிறாள், தாள் கிழிந்திருக்கிறது. "கேள்வித்தாள் தயாரித்தல்" பிளஸ், பக்கத்தில் ஒரு ஆச்சரியக்குறி. தனக்குக் கேள்வித்தாள் போடப் பிடிக்கும் என்று 11 வருடமாக அவளுக்கே தெரியாது!

மூன்றாவது அமர்வில்தான் வேர் வந்தது. "சம்பளம் நின்றால் எத்தனை மாதம் தாங்கும்?" என்று கோச் கேட்டார். "இரண்டு வருடம்" என்றாள் அக்கா, கெத்தாக. "நகையைச் சேர்த்தா, சேர்க்காமலா?" அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. சிக்னல் போய்விட்டதோ என்று கோச் "ஹலோ, ஹலோ" என்றாராம்.

திரும்பக் கணக்குப் போட்டாள். மாமா டூரிஸ்ட் டாக்ஸி ஓட்டுகிறார். ஏப்ரல், மே சீசனில் கை நிறையும், ஜூலையில் வண்டித் தவணை கட்டினாலே பெரிய விஷயம். அதனால் வீடு ஓடுவது அக்கா சம்பளத்தில். வாடகை 6,000. மளிகை, பால், கேஸ் 7,000. பையன் பள்ளிக்கு 2,500. மகளிர் குழுக் கடன் தவணை 2,500. ஆக மாதம் 18,000. பேங்கில் 70,000, ஆர்டியில் 38,000, மொத்தம் 1,08,000. இரண்டு வருடம் ஆறு மாதமாகச் சுருங்கிவிட்டது.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த அப்பா, எஸ்டேட்டில் பீல்டு சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர், "கவாத்துக்கு முன்னால் நாங்கள் பார்ப்பதும் இதைத்தானே" என்றார். நான் கேமராவைத் தூக்கியது அப்போதுதான்.

[காட்சி: கவாத்து முடிந்த தோட்டம். இலையே இல்லாத குச்சிகள்.]

தேயிலைச் செடியை நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை கவாத்து செய்வார்கள். மொட்டையாக வெட்டுவது. முதல் தடவை பார்க்கிற டூரிஸ்ட்டுக்குத் தோட்டமே செத்துவிட்டது போல இருக்கும். வெட்டாமல் விட்டால் செடி மரமாக ஏறிவிடும், கொழுந்து குறையும். ஆக வெட்டியே தீர வேண்டும். ஆனால் யோசித்துப் பாருங்கள், இலை இல்லாத செடி எதைச் சாப்பிடும்? இலைதானே அதற்குச் சமையலறை. புதுத் துளிர் வரும்வரை செடி வாழ்வது வேரில் சேர்த்து வைத்த மாவுச்சத்தில். வெட்டிய பிறகு மூன்று மாதத்துக்கும் மேலாகக் கொழுந்தே எடுக்க முடியாது. வேரில் இருப்பு இல்லாமல் வெட்டினால் கிளைகள் காய்ந்துகொண்டே வரும், சில செடி எழுந்திருக்கவே எழுந்திருக்காது.

அதனால்தான் அயோடின். மாவுச்சத்து இருந்தால் அயோடின் பட்டதும் கருநீலம். பள்ளியில் உருளைக்கிழங்கில் செய்தோமே, அதே சோதனை. வேர் வெளுத்தே இருந்தால் வெட்டமாட்டார்கள். கொஞ்ச வாரம் கொழுந்து பறிப்பதை நிறுத்தி, செடியை ஓய்வெடுக்க விடுவார்கள், வேர் நிரம்பட்டும் என்று. 11 வருடமாக அயோடின் சோதனையைப் போர்டில் வரைந்த அக்கா, இதை அப்பா வாயால் கேட்டுவிட்டு "இத்தனை நாள் ஏன்ப்பா சொல்லவில்லை?" என்றாள். "நீ கேட்கவில்லையே."

இதைவிட எனக்குப் பிடித்தது இன்னொன்று. வெட்டும்போது சில செடியில் ஓரத்தில் ஒன்றிரண்டு கிளையை இலையோடு அப்படியே விட்டுவிடுவார்கள். எஸ்டேட்டில் அதற்கு "லங்" என்று பெயர், நுரையீரல்! துளிர் கிளம்பும்வரை செடிக்கு அது மூச்சு. துளிர் வந்ததும் அதையும் வெட்டிவிடுவார்கள். இந்தப் பெயரை வைத்தவர் யாரோ, ஒரு டீ வாங்கிக் கொடுக்கலாம். இங்கே டீக்குப் பஞ்சமில்லை.

அக்காவின் லங் சனிக்கிழமை. கோச் சொன்னபடி, கேள்வித்தாள் தயாரிப்பதையே தொழிலாகச் செய்யும் மூன்று பேரிடம் தலா இருபது நிமிடம் பேசினாள். வேலை கேட்டு இல்லை, அவர்களுடைய ஒரு நாள் எப்படிப் போகிறது என்று கேட்டு. அதில் ஒருவர் மூலம் ஆன்லைன் பாடத்துக்குக் கேள்வி எழுதும் வேலை கிடைத்தது, சனிக்கிழமை மட்டும். முதல் பணம் வர 45 நாள் ஆனது. இதுவும் ஒரு பாடம்தான்: சம்பளம் மாதிரி 1ஆம் தேதி வராது. ஆறு மாத இருப்பில் ஒன்றரை மாதத்தை இப்படியே கழித்துவிட்டுத்தான் எண்ண வேண்டும்.

[காட்சி: இந்து நகர் சாலை.]

ஒரு சின்ன விலகல். ஊட்டிப் பக்கம் இந்து நகர் என்று ஓர் இடம். 1960இல் தொடங்கிய மத்திய அரசின் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை அங்கேதான் இருந்தது, "இந்து" என்ற பெயரில் பிலிம் வந்தது. டிஜிட்டல் வந்த பிறகு பிலிமை யார் வாங்குவார்கள்? ஆலை மூடிவிட்டது, பெயர்ப்பலகையில் ஊர் மிச்சம். எங்கள் தாத்தா கதையும் வேறு மாதிரி இல்லை. இலங்கைத் தோட்டத் தமிழரில் யார் எந்த நாட்டுக்கு என்று இரண்டு அரசும் பேசி முடித்த 1964 சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையில் இருந்து வந்தவர். அவரை யாரும் "உனக்கு என்ன வேண்டும்" என்று கேட்கவில்லை. வேலை மாறுகிறவரைப் பார்த்து "ஒரு இடத்தில் நிலையா இருக்கத் தெரியாதா" என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்கு இந்த வீடியோவை அனுப்பிவிடுங்கள். லைக்கும் ஒன்று தட்டிவிடுங்கள்.

கோச்சைத் தேர்ந்தெடுப்பது பற்றிச் சுருக்கமாக. நம் நாட்டில் யார் வேண்டுமானாலும் கோச் என்று போர்டு மாட்டலாம். 1995இல் தொடங்கிய சர்வதேசக் கோச்சிங் கூட்டமைப்பு ஒன்று இருக்கிறது. அதன் முதல் நிலைச் சான்றுக்கே 60 மணி நேரப் பயிற்சியும் 100 மணி நேர கோச்சிங் அனுபவமும் வேண்டும். சான்று இருந்தால் நல்லவர், இல்லாவிட்டால் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் "வேலைக்கு கேரண்டி" என்று சொல்லி மொத்தப் பணத்தையும் முன்னாலேயே கேட்டால் போனை வைத்துவிடுங்கள். காசு இல்லையென்றால், மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம் ஊட்டியில் இருக்கிறது, மற்ற மாவட்டங்களிலும் இருக்கிறது. பதிவு புதுப்பிக்க மட்டும் போகிற இடம் என்று நினைத்துவிட்டோம். பெயரிலேயே வழிகாட்டுதல் இருக்கிறது, போய்க் கேளுங்கள்.

[காட்சி: மறுபடி மேசை. வேர்த்துண்டு.]

சரி, அக்கா இன்னும் வேலையை விடவில்லை. கல்வியாண்டு முடியும்வரை இருப்பாள். கேள்வி எழுதி வருகிற பணத்தைத் தொடாமல் ஆர்டியில் போடுகிறாள். அப்பா தினமும் காலையில் பேப்பரை மடித்துக்கொண்டே கேட்கிறார், "வேர் கறுத்துதா?"

"பாதி கறுத்திருக்குப்பா. பஸ் வந்துடும், நான் கிளம்புறேன்."

இந்த வேரையும் முக்கிவிடுவோம். ஒன்று, இரண்டு, மூன்று... கேமராவைக் கொஞ்சம் கிட்டே கொண்டுவாருங்கள்.